ஜெர்சியின் முதுகில் தமிழ்

(வியாசர்பாடியில் சிறுவர் கால்பந்துப் போட்டியின் பரிசளிப்பு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, வெயிலையும் பாராமல் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, கோப்பைகளை அன்பளிப்பாகத் தந்த வணிகர் சங்கப் பெரியவர்களே, காலை ஆறு மணியிலிருந்து விசிலோடு நிற்கும் நடுவர்களே, மோரும் தண்ணீரும் தந்துகொண்டிருக்கும் தாய்மார்களே, நீல ஜெர்சியில் வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, வணக்கம். பன்னிரண்டு வயதில் எனக்குப் பந்தை நிறுத்தக் கற்றுக்கொடுத்த கோச் அய்யாவும் மேடையில் இருக்கிறார். அவர் எதிரே மைக் பிடிக்கும் வாய்ப்பைத் தந்த தலைவர் அவர்களுக்கு இரட்டிப்பு நன்றி.

ஆள் பாதி, ஆடை பாதி என்பார்கள். கால்பந்தில் அது நூற்றுக்கு நூறு உண்மை. இந்தியன் சூப்பர் லீகில் ஆடும் நம் ஊர் கால்பந்து அணி சென்னையின் எஃப்.சி.யின் ஜெர்சியைப் பற்றி மூன்று விஷயம் பேச வந்திருக்கிறேன்: நிறம், வடிவம், விலை.

முதலில் நிறம். 2014இல் நம் சென்னையின் எஃப்.சி. தொடங்கியபோது பலர் கேட்ட கேள்வி, "நம்ம ஊர் மஞ்சள் ஊராச்சே, ஏன் நீலம்?" என்பதுதான். சேப்பாக்கத்தில் கிரிக்கெட்டுக்கு மஞ்சள், சரி. ஆனால் பெரியமேட்டில் நேரு ஸ்டேடியத்துக்கு வருகிறவனுக்கு மஞ்சள் என்றால் எதிரணியான கேரளா பிளாஸ்டர்ஸ். அந்த மேட்ச் அன்று நம் பையன் மஞ்சள் சட்டையில் வந்து உட்கார முடியுமா? நீலம் வங்கக் கடலின் நிறம். இந்திய அணியின் நிறமும் அதுதான். பெங்களூருவும் நீலம், மும்பை வெளிர்நீலம் என்று சிலருக்குக் குறை. நீலத்திலேயே நமக்கென்று ஒரு நீலம் நிலைக்க வேண்டும் என்பதுதான் என் பதில். ஒரு வருஷம் கருநீலம், மறு வருஷம் வேறு நீலம் என்று போனால் பழைய ஜெர்சியைப் போட்டு வருகிறவன் ஸ்டாண்டில் தனியாகத் தெரிவான்.

2015 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். ஊரே வெள்ளத்தில் கிடந்தது. நம் வீட்டு மைதானத்தில் நடக்க வேண்டிய அரையிறுதியைப் புனேயில் போய் ஆடினோம். அப்புறம் கோவாவில் இறுதிப் போட்டி, கடைசி நிமிடங்களில் 2-1 என்று பின்தங்கி நின்றோம். இரண்டு கோல் வந்தது, கடைசிக் கோல் நம் மெண்டோசாவுடையது. 3-2. சேறு வழித்துக்கொண்டிருந்த வீடுகளில் அன்று நீலக் கொடி ஏறியது. அந்த நீலத்தை யாரும் இனி மாற்றிவிட முடியாது.

மாற்றிப் பார்த்தவர்களும் உண்டு. வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் சிட்டி அணிக்கு 'நீலப் பறவைகள்' என்று பட்டப்பெயர். 2012இல் முதலாளி ஜெர்சியைச் சிவப்பாக்கினார். ரசிகர்கள் விடவில்லை. 2015 ஜனவரியில் நீலம் திரும்ப வந்தது. பணம் போட்டவர் அணிக்கு முதலாளி, ஆனால் நிறத்துக்கு முதலாளி ஸ்டாண்டில் தொண்டை கிழியக் கத்துகிறவன்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பத்தாவது படித்த வருஷம், கண்ணப்பர் திடலில் ஏழு பேர் ஆடும் டோர்னமென்ட். எங்களிடம் ஜெர்சி இல்லை. ஆள் பாதி, ஆடை பாதி, எங்களிடம் ஆள் மட்டும்தான் இருந்தது. காசு சேர்த்து ஒன்பது வெள்ளை பனியன் வாங்கினோம். நீலச் சாயப் பொட்டலம் வாங்கி, மொட்டைமாடியில் டிரம்மில் கரைத்து ராத்திரி முழுக்க ஊறவைத்தோம். வெந்நீரில் உப்புப் போட்டு முக்கினால்தான் பருத்தியில் சாயம் பிடிக்கும் என்று எங்களுக்குச் சொல்ல ஆளில்லை. காலையில் பார்த்தால் அருமையான நீலம். தெரு முனையில் போர்டு எழுதும் பெயிண்டர் அண்ணனிடம் கொண்டுபோனோம். சிவப்பு எனாமலில், ஒவ்வொருவர் முதுகிலும் பெயரைத் தமிழில் எழுதினார். வலப்பக்கம் தடுத்தாடும் எங்கள் ரைட் பேக் பெயரில் 'ழ' உண்டு. அந்த ஓர் எழுத்துக்கு மட்டும் கால்மணி நேரம் எடுத்துக்கொண்டார். காசு வாங்கவில்லை.

மேட்ச் தொடங்கிப் பத்தாவது நிமிடம் மழை பிடித்தது. நீலம் கரைந்து டிராயரில் இறங்கியது, தொடையில் இறங்கியது, காலுறையில் போய் நின்றது. எதிரணி வெள்ளைச் சட்டை. எங்கள் பனியனும் இப்போது வெளுத்துவிட்டது. யார் யாருக்குப் பாஸ் போடுவது? ஆனால் எனாமல் கரையவில்லை. சிவப்பெழுத்து அப்படியே நின்றது. முதுகைப் படித்து, படித்துப் பந்தைத் தட்டினோம். என் அம்மா பள்ளிக்கூடம் அதிகம் போனதில்லை, தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பார். அன்று கோட்டுக்கு வெளியே முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்று, பத்து வருஷமாகப் பட்டப்பெயரில் மட்டும் தெரிந்த பையன்களை முதுகைப் படித்து முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டார். "ஓடுப்பா, ஓடு!" ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்து டைபிரேக்கரில் தோற்றோம். அந்தப் பனியன் இன்றும் என் பீரோவில் இருக்கிறது.

இது எங்களுக்கு மட்டும் நடந்ததில்லை. 1996இல் மான்செஸ்டர் யுனைடெட் சாம்பல் நிற ஜெர்சியில் சவுத்தாம்ப்டனோடு ஆடி, இடைவேளைக்குள் மூன்று கோல் வாங்கியது. ஒருவரை ஒருவர் கண்ணுக்குத் தெரியவில்லை என்று சொல்லி வேறு ஜெர்சி மாற்றிக்கொண்டு இறங்கினார்கள்.

அதனால்தான் இந்த மேடையில் கேட்கிறேன். சென்னையின் எஃப்.சி. வீரர்கள் சொந்த மைதானத்தில் ஆடும்போது முதுகில் பெயர் தமிழில் வர வேண்டும். 'சென்னையின்' என்ற பெயரே தமிழ் இலக்கணத்தில் பிறந்தது. அப்படிச் சொல்லி நிறுத்தினால், சென்னையின் எது என்று காது அடுத்த சொல்லைத் தேடும். சின்னத்தில் இருப்பது நம் வீட்டு வாசலில் தொங்கும் திருஷ்டி பொம்மை. பெயரும் பொம்மையும் நம்முடையவை. முதுகு மட்டும் ஏன் வேறு எழுத்தில்?

எண் எண்ணாகவே இருக்கட்டும், நடுவர் குறிப்பது அதைத்தான். பெயர் தமிழில் இருந்தால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. முதுகில் பெயர் போடுவதே பழைய வழக்கம் இல்லை. இங்கிலாந்தில் 1928இல் எண் வந்தது, பிரீமியர் லீகில் 1993இல்தான் பெயர் வந்தது. பாரிஸ் செயின்ட் ஜெர்மெய்ன் அணி சீனப் புத்தாண்டுக்காகச் சீன எழுத்தில் பெயர் போட்டு ஆடியிருக்கிறது. எங்கோ இருக்கும் ரசிகனுக்காக அவர்கள் செய்ததை, பக்கத்துத் தெரு ரசிகனுக்காக நாம் செய்யக் கூடாதா? பிரேசிலிலிருந்து வந்தவனானாலும் மணிப்பூர்ப் பையனானாலும், அவன் பெயரைத் தமிழில் கண்டால் இங்கே ஒரு பாட்டி வாசித்துக் காட்டுவார். ஆள் பாதி, ஆடை பாதி. அந்த ஆடைப் பாதியில் நமக்கு ஒரு முழம் இடம் கேட்கிறேன்.

வடிவம், விலை இரண்டும் பாக்கி நிற்கின்றன. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பிரேசிலின் மஞ்சள் ஜெர்சியே 1953இல் ஒரு பத்திரிகை நடத்திய போட்டியில் பத்தொன்பது வயதுப் பையன் வரைந்தது. இங்கேயும் வரையத் தெரிந்த பிள்ளைகள் உண்டு, திருப்பூரும் நம் மாநிலத்தில்தான். அதை அடுத்த விழாவில் பேசுகிறேன்.

மேடைக்கு வலப்பக்கம், கோப்பை மேசைக்கு அருகில், அணி நிர்வாகத்துக்கு அனுப்பும் மனு வைத்திருக்கிறோம். பேனாவும் இருக்கிறது. கையெழுத்தைத் தமிழில் போடுங்கள். உறுப்பினர் அவர்கள் முதல் கையெழுத்தைப் போடச் சம்மதித்திருக்கிறார், அவருக்கு நன்றி. பதினான்கு வயதுப் பிள்ளைகளின் இறுதிப் போட்டிக்கு இரண்டு அணியும் பூட்ஸ் கட்டி நிற்கின்றன. வணக்கம்.