மறுப்பவரையும் மனதில் வைத்து எழுதுங்கள்

(சென்னையில் கல்லூரி மாணவர்களுக்கும் போட்டித் தேர்வு எழுதுவோருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

வாதம் என்றதும் நம் ஊரில் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது பட்டிமன்றம்தான். பொங்கல், தீபாவளி என்றால் தொலைக்காட்சியில் ஒன்று, கோயில் திருவிழா என்றால் மேடையில் ஒன்று. அந்தக் கலையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே பழகிய கையோடு கட்டுரை எழுத உட்கார்ந்தால் சிக்கல். மேடையில் காரணம் கொஞ்சம் ஓட்டையாக இருந்தாலும், ஒரு நகைச்சுவையைச் சேர்த்துவிட்டால் கைதட்டலில் அது மறைந்துவிடும். கட்டுரையைப் படிப்பவர் கைதட்டுவதில்லை. இரண்டு பக்கம் பின்னால் புரட்டி, "அங்கே வேறு மாதிரி சொன்னாயே" என்று பிடித்துக்கொள்வார். இன்னொன்றும் இருக்கிறது. பட்டிமன்றத்தில் எதிரணிக்குப் பேச வேறு ஆள் உண்டு. கட்டுரையில் எதிரணிக்கும் நீங்களேதான் பேசியாக வேண்டும். இதைத்தான் இன்றைக்கு விரிவாகச் சொல்லப் போகிறேன்.

முதலில் தொடக்கம். குறிப்புச் சட்டகம், முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை என்று பள்ளியில் எழுதிப் பழகியிருக்கிறோம். ஒரு பொருளை விளக்குவதற்கு அது போதும். ஆனால் ஒருவரை இணங்க வைக்க அது போதாது. தண்ணீரைப் பற்றித் தலைப்பு வந்தால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் "நீரின்றி அமையாது உலகு" என்றுதான் தொடங்குவார்கள். குறள்மீது எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் அதை மறுக்க உலகத்தில் யார் இருக்கிறார்கள்? மறுக்க ஆள் இல்லாத இடத்தில் வாதத்துக்கு வேலை இல்லை.

ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு கடைசி வரை அதையே பார்ப்போம். மழைநீர் சேகரிப்பு. "மழைநீரைச் சேகரிப்பது அவசியம்" என்பது வாதம் ஆகாது, சுவரொட்டி வாசகம். இதை இப்படி மாற்றிப் பாருங்கள்: "சென்னை மாநகராட்சி மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு கட்டடத்தின் மழைநீர்க் கட்டமைப்பையும் சோதிக்க வேண்டும், செயல்படாமல் கிடந்தால் சொத்து வரியோடு கூடுதல் கட்டணம் வசூலிக்க வேண்டும்." இப்போது யார் செய்ய வேண்டும், என்ன செய்ய வேண்டும், எத்தனை நாளுக்கு ஒருமுறை, செய்யாவிட்டால் என்ன என்று நான்கும் வந்துவிட்டன. நல்ல மனிதர் ஒருவரே எழுந்து "இது சரியில்லை" என்று சொல்லவும் இடம் இருக்கிறது. உங்கள் மையக் கருத்தை எழுதியதும் அதன்முன் "இல்லை" என்று போட்டுப் படியுங்கள். அதையும் ஒரு நியாயமான ஆள் சொல்லக்கூடும் என்றால் அது வாதத்துக்குரிய கருத்து. அபத்தமாகத் தெரிந்தால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு எழுதுங்கள்.

அடுத்தது சான்று. "ஆய்வுகள் கூறுகின்றன", "வல்லுநர்கள் எச்சரிக்கின்றனர்" என்ற தொடர்களைக் கண்டால் திருத்துபவர் பேனா தானாக நின்றுவிடும். எந்த ஆய்வு, எந்த ஆண்டு, எந்த அலகு என்று சொல்ல முடியாவிட்டால் அதை எழுத வேண்டாம். தேர்வுக் கூடத்தில் தேடிப் பார்க்க வழி இல்லையே என்பீர்கள். நிச்சயமாகத் தெரிந்த ஓர் எண்ணை எடுத்துக்கொண்டு கணக்குப் போடலாம்.

சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை. மொட்டை மாடி 100 சதுர மீட்டர் என்றால், அதில் விழுவது 1,40,000 லிட்டர். ஆவியாவதும் சிதறுவதும் போக 80 சதவீதம் கைக்கு வந்தால் 1,12,000 லிட்டர். நகரங்களுக்கான குடிநீர்த் திட்டங்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று கணக்கு வைப்பார்கள். நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு 540 லிட்டர். அப்படியானால் தனி வீட்டுக்கு அந்த மாடித் தண்ணீர் 207 நாளுக்குச் சமம். படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

இங்கேதான் பாதிப் பேர் நிறுத்திவிடுகிறார்கள். இன்னும் ஒரு படி போங்கள். எட்டு வீடுகள் உள்ள அடுக்குமாடி, மாடி 200 சதுர மீட்டர். கிடைப்பது 2,24,000 லிட்டர். வீட்டுக்கு 28,000 லிட்டர். அதாவது 52 நாளுக்குக்கூட முழுதாக வராது. 12,000 லிட்டர் தண்ணீர் லாரிக் கணக்கில் ஏறத்தாழ இரண்டேகால் லாரிதான். "மழைநீரைச் சேகரித்தால் லாரியே வேண்டாம்" என்று நீங்கள் எழுத நினைத்திருந்த வரி இந்தக் கணக்கில் விழுந்துவிட்டது. விழட்டும். "அடுக்குமாடியில் ஆண்டுத் தேவையில் ஏழில் ஒரு பங்கு" என்று எழுதுங்கள். கருத்து சிறியதாகிவிட்டதே என்று பலர் பயப்படுகிறார்கள். சிறிய கருத்தைச் சான்று தாங்கும். பெரிய கருத்தை எதிராளி ஒரே கணக்கில் உடைத்துவிடுவார்.

எண் கொடுத்தால் மட்டும் போதாது. "ஆண்டுக்கு 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஆகவே கட்டணம் விதிக்க வேண்டும்." இந்த இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. மழை பெய்வதற்கும் கட்டணம் விதிப்பதற்கும் என்ன தொடர்பு? "மழைநீரை நிலத்துக்குள் இறக்க ஜல்லியும் மணலும் போட்ட குழி சில பருவமழைக்குள் வண்டலால் அடைத்துக்கொள்ளும், தூர்வாராவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்காமல் தெருவுக்கு வழியும், கட்டி முடித்தபோது ஒருமுறை பார்த்தால் இது தெரியாது" என்ற இணைப்பு வந்தால்தான் பள்ளம் மூடும். ஒவ்வொரு பத்தியிலும் காரணம், சான்று, இந்த இணைப்பு மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். முதல் இரண்டையும் எல்லோரும் எழுதிவிடுவார்கள். மூன்றாவதுதான் விட்டுப்போகும், எழுதியவருக்கு அது ஏற்கெனவே தெரியும் என்பதால், விட்டுப்போனதே அவர் கண்ணில் படாது.

காரண காரியப் பிழையைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நன்றாக எழுதுகிறவர்களே இதில் சறுக்குகிறார்கள். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003-ல் கட்டாயமாக்கப்பட்டது. "அதற்கு இரண்டு ஆண்டு கழித்து நிலத்தடி நீர் உயர்ந்தது, எனவே சட்டம் வென்றது" என்று எழுதுவது சுலபம். ஆனால் 2005-ல் சென்னையில் வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்தது. நீர் உயர்ந்ததில் குழிக்கு எவ்வளவு பங்கு, கொட்டிய மழைக்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்காமல் எழுதினால், காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். இப்படிப்பட்ட இடத்தில் "சட்டமும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்" என்று அடக்கி எழுதுங்கள். அல்லது அந்தச் சான்றையே விட்டுவிடுங்கள்.

இப்போது எதிரணி. பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில் எழுவகை மதம் என்று ஏழு வழிகளைச் சொல்கிறார். மற்றவர் கருத்தைக் கையாளும் முறைகள் அவற்றில் இருக்கின்றன. பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்தவர்கள் எடுத்துப் பாருங்கள். கட்டுரை எழுத அதைவிட நல்ல கருவியை எங்கும் விலைக்கு வாங்க முடியாது. முதலாவது உடன்படல், இரண்டாவது மறுத்தல். மூன்றாவது "பிறர்தம் மதமேற் கொண்டு களைவு", அதாவது எதிராளியின் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு, பிறகு அதை விலக்குவது. நம் மாணவர்கள் நேரே இரண்டாவதற்குத் தாவிவிடுகிறார்கள்.

நம் தலைப்புக்கு வரக்கூடிய மறுப்புகளைப் பார்ப்போம். "பெசன்ட் நகர் மணலில் தண்ணீர் இறங்கும், களிமண் பகுதியில் இறங்குமா?" இது உண்மை. உடன்பட வேண்டும். களிமண் பகுதிகளுக்குச் சோதனை அளவு வேறாக இருக்க வேண்டும் என்று உங்கள் கருத்தைத் திருத்துங்கள். "எல்லாக் கட்டடத்தையும் சோதிக்க ஆள் ஏது?" இதற்கு மூன்று ஆண்டுச் சுழற்சியே பதில். ஒரு வரியில் மறுத்துவிட்டுப் போகலாம்.

மூன்றாவது மறுப்புதான் கடினமானது: "ஏரிகளை ஆக்கிரமிக்க விட்டது யார்? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் சுருங்க விட்டது யார்? அதையெல்லாம் விட்டுவிட்டு வீட்டுக்காரரிடம் அபராதமா?" இதில் கோபம் இருக்கிறது, நியாயமும் இருக்கிறது. "சிலர் அரசைக் குறை கூறுவார்கள், அது தவறு" என்று தட்டிக்கழித்தால் அந்த வாசகர் உங்களைவிட்டுப் போய்விடுவார். அவர் தம் வாயால் எப்படிச் சொல்வாரோ அப்படி, அதே வலுவோடு, முதலில் எழுதுங்கள். பிறகு அவருடைய அளவுகோலையே கையில் எடுங்கள். கட்டியதைப் பராமரிக்காமல் விட்டது குற்றம் என்பதுதானே அவர் வாதம்? அதே அளவுகோல் மொட்டை மாடிக் குழாய்க்கும் பொருந்தும். அவர் கோபத்திலுள்ள நியாயத்துக்கு ஒரு திருத்தமும் செய்யுங்கள்: முதல் சுற்றுச் சோதனை அரசுக் கட்டடங்களில் நடக்கட்டும். எதிராளி கேட்ட கேள்வியால் உங்கள் கருத்து மேம்பட்டிருக்கிறது. வாசகர் அதைக் கவனிப்பார்.

எதிராளியைக் கேலி செய்ய ஆசை வரும். நான்கு பேர் ரசிப்பார்கள் என்பதும் உண்மை. ஆனால் அந்த நான்கு பேரும் ஏற்கெனவே உங்கள் பக்கம் இருப்பவர்கள்.

அளவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் கட்டுரைத் தாளுக்கு 3 மணி நேரம், 2 கட்டுரைகள், ஒவ்வொன்றும் 1,000 முதல் 1,200 சொற்கள், 125 மதிப்பெண். ஒரு கட்டுரைக்கு 90 நிமிடம் என்றால் முதல் 25 நிமிடம் பேனாவால் பத்தி எழுதக் கூடாது. மையக் கருத்து, இரண்டு காரணங்கள், ஒரு கடினமான மறுப்பு, இவ்வளவுதான் குறித்துக்கொள்ள வேண்டும். தொடக்கத்துக்கு 120 சொல், பின்னணிக்கு 150, காரணங்களுக்கு 500, மறுப்புக்கு 300, முடிவுக்கு 100 என்று வைத்துக்கொள்ளலாம். ஐந்து காரணங்களைச் சேர்த்துக் கட்டினால் ஒவ்வொன்றுக்கும் நூறு சொல்தான் மிஞ்சும். சான்று சொல்ல இடம் இருக்காது. மறுப்பைக் கடைசியில் வைக்காதீர்கள். படித்து முடிக்கும்போது காதில் எதிராளியின் குரல் கேட்டுக்கொண்டிருக்கும்.

முடிவுப் பத்தியில் "எனவே மழைநீரைச் சேமிப்போம், வளம் பெறுவோம்" வேண்டாம். நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் சென்று தேய்ந்து இறுதல் ஒன்று, அதாவது போகப் போக வலுவிழந்து முடிவது. நம் கட்டுரைகளில் பெரும்பாலும் நடப்பது அதுதான். சோதனைக்கு யார் செலவு செய்வது, கட்டணப் பணம் எங்கே போகும் என்று இரண்டு வரி எழுதினால் முடிவுக்கு உயிர் வரும்.

கடைசிப் பத்து நிமிடத்தில் ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தை மட்டும் வரிசையாகப் படியுங்கள். அவை மட்டுமே சேர்ந்து வாதமாக ஓடவில்லை என்றால், எங்கோ தலைப்பை விட்டு மற்றொன்றை விரித்திருக்கிறீர்கள், அதுவும் நன்னூல் சொல்லும் குற்றம்தான். பிறகு "மிக", "மிகவும்", "அல்லவா" மூன்றையும் தேடிப் பிடித்து அடியுங்கள்.

வீட்டில் செய்ய ஒரு பயிற்சி தருகிறேன். நாளைக் காலை எந்த நாளிதழாவது எடுத்து, தலையங்கத்தில் உங்களுக்கு உடன்பாடில்லாத ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். மறுத்து எழுத வேண்டாம். அதை எழுதியவர் படித்தால் "ஆமாம், நான் சொன்னது இதுதான்" என்று ஒப்புக்கொள்ளும்படி 150 சொல்லில் அதைத் திரும்ப எழுதுங்கள். அது முடியும்வரை உங்கள் பதிலை எழுதத் தொடங்க வேண்டாம். நன்றி.