ஆகஸ்ட் 1-க்குள் ஒரு பிள்ளை குறைந்தால்

நடுவர் அய்யா அவர்களுக்கும், பந்தலில் இடம் போதாமல் நின்றுகொண்டே கேட்கிற பெரியவங்களுக்கும் வணக்கமுங்க.

“25 சதவீத ஒதுக்கீடு: ஏழை வீட்டுக்கு வரமா, அரசுப் பள்ளிக்கு இழப்பா?” இழப்பே என்று பேச வந்திருக்கிறேன். கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியில் கால்வாசி இடத்தை ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கி, அவர்கள் கட்டணத்தை அரசே கட்டுகிறதே, அந்த ஒதுக்கீட்டைத்தான் சொல்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி, “பனியன் கம்பெனியில் பிசிர் வெட்டுகிற அம்மாவின் பிள்ளையும் தனியார் பள்ளி வேனில் ஏறுதே, அதைக் கெடுக்கலாமா?” என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார். தம்பி, அந்த வேனுக்கு மாசாமாசம் பணம் கட்டுவதும் அந்த அம்மாதான். கல்வி உரிமைச் சட்டம் எட்டாவதோடு நின்றுவிடும். ஒன்பதாவதுக்கு முழுக் கட்டணம் என்று சொன்னதும் அதே பிள்ளை எங்கே வருகிறது? அரசுப் பள்ளிக்குத்தானே!

சரி, இந்த ஒதுக்கீட்டில் பிள்ளையை எந்த வகுப்பில் சேர்க்கிறார்கள்? எல்.கே.ஜி.யில். அந்த வயசில் ஊர்த் தொடக்கப் பள்ளிக்குக் கூட்டிப்போனால், “அஞ்சு வயசு ஆகட்டும், ஒண்ணாவதில் சேர்த்துக்கலாம்” என்பார்கள். 2019 ஜனவரியில் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் அரசே எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியது. அருமையான காரியம். ஆனால் 2022-இல் மூடப்போவதாகப் பேச்சு வந்தது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு, மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் தற்காலிக ஆசிரியர்களைப் போட்டார்கள். அஞ்சாயிரம் ரூபாய்ங்க! கம்பெனியில் ஹெல்ப்பர் வேலைக்கே இதைவிட அதிகம் கிடைக்கும். தனியார் எல்.கே.ஜி.க்குக் கட்டணம் கட்டுகிற கை, சொந்த எல்.கே.ஜி. டீச்சருக்குச் சம்பளம் தர மட்டும் ஏன் சுருங்க வேண்டும்?

வருசா வருசம் ஆகஸ்ட் 1-ஆம் தேதி எண்ணிக்கையை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடம் நிர்ணயிப்பார்கள். தொடக்கப் பள்ளியில் 61 பிள்ளைகள் என்றால் மூன்று ஆசிரியர். 60 என்றால் இரண்டே பேர். மூன்றாமவர் உபரி, ஆசிரியர் தேவைப்படுகிற பள்ளிக்கு மாற்றுகிற பணி நிரவலில் வேறு ஊருக்குப் போகணும். அந்த 61-ஆவது பிள்ளை தனியாருக்குப் போக, கட்டணத்தைக் கட்டியது யார்? அந்தப் பள்ளியை நடத்துகிற அதே அரசு!

ஈராசிரியர் பள்ளிக்குள் போய்ப் பாருங்க. மூணாவது, நாலாவது, அஞ்சாவது மூன்றும் ஒரே அறையில். அஞ்சாவதுக்குப் பின்னக் கணக்கைப் போர்டில் எழுதிப் போட்டுவிட்டு, மூணாவதுப் பிள்ளைகளைத் தரையில் வட்டமாக உட்காரவைத்து வாசிக்கச் சொல்லிக் கேட்பார் டீச்சர். நாலாவதுக்காரன் நோட்டை நீட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பான். அதற்கு நடுவில் செல்போனில் எமிஸ் என்கிற கல்வித் துறைச் செயலியில் வருகைப்பதிவு. இன்னொரு டீச்சர் பயிற்சிக்குப் போன நாளில் அஞ்சு வகுப்பும் இவர் தலையில். இதை வாசலில் நின்று பார்த்த தாய், அடுத்த பிள்ளைக்கு ஒதுக்கீட்டு விண்ணப்பம் போடாமல் என்ன செய்வாள்? அவள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்த டீச்சர்மேலும் இல்லை.

“பெற்றோர் விருப்பம்” என்கிறது எதிரணி. 2025-இல் டெல்லியிலிருந்து வரவேண்டிய நிதி வராமல் இந்த ஒதுக்கீட்டுச் சேர்க்கை அக்டோபர் வரை இழுத்ததே, அந்த நான்கு மாசம் யாருடைய விருப்பம்? ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் திருப்பூருக்குப் பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகளை வருசத்தின் நடுவில், தமிழ் தெரியாமல் வந்தாலும், உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பது எந்தப் பள்ளி?

நம்ம பொள்ளாச்சிப் பக்கத்து சி. சுப்பிரமணியம் 1954 முதல் 1962 வரை கல்வி அமைச்சர். காமராஜர் ஆட்சியின் அந்த வருசங்களில்தான் ஊர் ஊராகப் பள்ளி திறந்தார்கள், மதிய உணவு போட்டார்கள். கஜானா அன்றைக்கு இன்றைக்கு இருப்பதைவிடச் சிறுசு. ஆனாலும் பணம் போன இடம் சொந்தப் பள்ளிக்கூடம்.

தாளவாடியைத் தாண்டினால் கர்நாடகம். அரசுப் பள்ளி இருக்கிற பகுதியில் தனியாருக்கு இந்தப் பணம் கிடையாது என்று 2019-இல் அங்கே விதியை மாற்றினார்கள். இங்கேயும் அதைச் செய்யலாம். ஏற்கெனவே சேர்ந்த பிள்ளைகள் எட்டாவது முடிக்கட்டும், அவர்களை யாரும் தொட வேண்டாம். இனிமேல் கட்டப்போகிற பணத்தில் ஒவ்வொரு அரசுத் தொடக்கப் பள்ளியிலும் எல்.கே.ஜி. வரட்டும். அதற்குக் காலமுறை ஊதியத்தில் நிரந்தர ஆசிரியர் வரட்டும். எங்கள் அணி கேட்பது இவ்வளவுதானுங்க. நன்றி, வணக்கம்.