முதல் வாளி

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

யாழ்ப்பாணத்துத் தீவான வேலணையில் எங்கள் வளவுக் கிணற்றில் அம்மா விடியப்புறமே எழும்பி, முதலில் வரும் பத்து வாளியைப் பானைகளில் நிரப்பிவிடுவார். சோறும் தேத்தண்ணீரும் அந்தத் தண்ணீரில்தான். வெயில் ஏறியபின் அள்ளுவது நாக்கில் வைத்தால் சவர்க்கும். அது குளிக்க, சட்டிபானை கழுவ. ஒரே கிணற்றில் ஏன் இரண்டு ருசி என்று, நிலத்தடி நீரைப் பற்றிப் படித்த பிறகே எனக்கு விளங்கியது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கும் மாரிமழைதான் எங்கள் குடிநீர். கடல்நீரைவிட எடை குறைந்தது என்பதால் அது உப்புநீரின் மேலே மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் இருக்கும். மேலே அரையடி இறங்கினாலோ, உப்பு நாளடைவில் 20 அடி ஏறிவிடும். புத்தூர் நிலாவரைக் கிணற்றிலும் மேலே நன்னீர், ஆழத்தில் உப்பு.

துலாவால் இறைத்த காலத்தில் ஆளும் களைப்பான், கிணறும் இளைப்பாறும். மோட்டருக்குக் களைப்பு இல்லை. விடாமல் இறைக்கும்போது கிணற்றுக்கு நேர் கீழே உப்புநீர் கூம்புபோல எழும்பும். இரவில் ஓய்வு கிடைத்தால் மெல்லத் தாழும். அம்மாவின் முதல் வாளி இனித்ததன் காரணம் அந்த ஓய்வுதான்.

சவர்த்த கிணற்றை இன்னும் ஆழமாக்காதீர்கள், உங்களை மன்றாடிக் கேட்கிறேன். எங்கள் உறவினர் ஒருவர் கிணற்றடியில் துளைத்துக் குழாய் இறக்கினார். தண்ணீர் பெருகியது, எல்லோரும் மகிழ்ந்தோம். அடுத்த கோடையில் அவருடைய வெங்காயத் தாளின் நுனி கருகியது. பக்கத்து வளவுக் கிணறும் சேர்ந்து கெட்டது. ஒரே இடத்தில் ஆழமாக உறிஞ்சுவதைவிட, ஆழமில்லாத பல கிணறுகளில் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பதே பாதுகாப்பு.

மழையைத் தேக்குவதும் இதில் பாதி வேலை. கடல்நீர் வடமராட்சி நீரேரிக்குள் புகாமல் தடுக்கத்தான் தொண்டைமானாற்றில் கதவுகள் போட்டார்கள். பொறியியலாளர் ஆறுமுகம் இன்னும் தூரம் நினைத்தார்: வன்னியில் ஓடும் கனகராயன் ஆற்று வெள்ளத்தை ஆனையிறவு நீரேரியில் தேக்கி, முள்ளியான் வாய்க்காலால் வடமராட்சிக்குக் கொண்டுவருவது அவர் திட்டம். அது முழுமை பெறாதது எனக்கு இன்றும் ஆறாத கவலை. ஆனால் ஊர்க்குளத்தைத் தூர்வார, மண்மூடிய வெள்ளவாய்க்காலை வெட்டிவிட யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். ஐப்பசிக்கு முன்னர் முடித்துவிடுங்கள்.

நாளை விடிய முதல் வாளியை நாக்கில் வைத்துப் பாருங்கள். அதுவே சவர்த்தால், அன்று தோட்டத்துக்கு மோட்டர் போடாதீர்கள்.