காளைக்கு ஊருக்கொரு மதிப்பெண்

நேயர்களுக்கு வணக்கம். சிங்கப்பூரின் தேக்காவில் பஃபலோ ரோட்டைக் கடப்பவர்களில் பலருக்கு, அந்த வட்டாரத்தின் பழைய பெயரான கண்டாங் கெர்பாவ் என்பதற்கு மலாய் மொழியில் எருமைத் தொழுவம் என்று பொருள் எனத் தெரிந்திருக்கும். நம்மவர்கள் மாடு கட்டிப் பால் ஊற்றிய காலம் போய், இன்று நமக்குப் பெரும்பாலும் வெளிநாட்டுப் பால்தான். அந்தப் பாலுக்குப் பின்னே இருக்கும் ஒரு கணக்கைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

காளை பால் கறப்பதில்லை. அதன் மகள்கள் கறப்பதை வைத்தே அதற்கு மதிப்பெண் போடுகிறார்கள். திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில் கிடக்கும் உறைவிந்துக் குச்சி, அதாவது காளையின் விந்தை அடைத்து உறையவைத்த மெல்லிய குழல், எந்த நாட்டுக்கும் போய்விடும். ஆனால் அந்த மதிப்பெண்ணை அப்படியே கொண்டுபோக முடியாது. அமெரிக்கப் பட்டியல் பாலைப் பவுண்டில் சொல்வதோடு, காளை தன் மகளுக்குக் கடத்தும் பாதியை மட்டுமே குறிக்கிறது. வேறு பல நாடுகள் கிலோவில், முழு மதிப்பைக் குறிக்கின்றன. ஆகவே அமெரிக்காவில் 1,000 என்று அச்சான எண், அந்த நாடுகளில் ஏறத்தாழ 907 கிலோ ஆகிவிடும். போதாக்குறைக்கு, எந்த ஆண்டில் பிறந்த மாடுகளின் சராசரியைப் பூஜ்யமாகக் கொள்வது என்பதும் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது.

இவ்வளவுதான் சிக்கல் என்றால், சிராங்கூன் ரோட்டு நாணய மாற்றுக் கடையில் செய்வதுபோல ஒரு விகிதத்தால் பெருக்கினால் போதும். தொடக்கத்தில் ஏறக்குறைய அப்படித்தான் செய்தார்கள். ஆனால் நூறு வெள்ளி எந்த நாணயத்துக்கு மாறினாலும் ஐம்பது வெள்ளியைவிட அதிகமாகவே இருக்கும். காளைகளுக்கு அந்த உறுதி கிடையாது. கொட்டிலில் நின்றபடி அடர்தீவனம் தின்னும் அமெரிக்க மாடும், ஆண்டின் பெரும்பகுதி புல்வெளியில் மேயும் நியூசிலாந்து மாடும் ஒரே மரபுத்திறனை ஒரேபோல வெளிக்காட்டுவதில்லை என்பதால், அங்கே முதலிடம் பெற்ற காளை இங்கே பின்னுக்குப் போகலாம்.

காளைகளின் மதிப்பெண்களை நாடுகளுக்கிடையே ஒப்பிடும் அமைப்பான, சுவீடனின் உப்சாலாவில் இயங்கும் இன்டர்புல் மையம், கனடாவைச் சேர்ந்த லாரி ஷேஃபர் 1994-இல் வெளியிட்ட முறையைக் கொண்டு இதைக் கையாள்கிறது. ஒவ்வொரு நாட்டின் பால் அளவையும் தனித்தனிப் பண்பாகவே கருதி, அவற்றுக்கிடையிலான மரபுவழி உடன்தொடர்பை, அதாவது ஒரு நாட்டில் சிறக்கும் மரபுத்திறன் இன்னொரு நாட்டில் எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதை, கணக்கிட்டு, ஒரே காளைக்கு நாட்டுக்கொரு மதிப்பெண் தருகிறார்கள். உலகத்துக்கே ஒரு தரவரிசை என்று அங்கே எதுவும் இல்லை. எனக்கு அதுவே மிக நேர்மையான பகுதியாகப் படுகிறது.

குறை கணக்கில் இல்லை, அதற்குள் போகும் தகவலில் இருக்கிறது. விலை உயர்ந்த குச்சியை யாரும் சாதாரண மாட்டுக்குப் போடுவதில்லை. பிறந்த கன்றுக்கும் தனிக் கவனிப்பு நடக்கும். அந்தச் செல்லம் முழுவதையும் எந்தச் சூத்திரத்தாலும் கழித்துவிட முடியாது.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஜோகூரில் ஒரு பண்ணைக்குப் போயிருந்தேன். பண்ணைக்காரர் வெளிநாட்டு விளம்பரத் தாளில் ஒரு காளையின் எண்ணைச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டு வைத்திருந்தார். பக்கத்தில் அதே இனத்துப் பசு ஒன்று, மின்விசிறிக்கு அடியில் நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சிரைத்துக்கொண்டிருந்தது. குளிர்நாட்டு மகள்களை வைத்துப் போட்ட எண் அது. இந்தப் புழுக்கத்தில் எந்த மகளையும் அதற்காக அளந்ததில்லை. சாகிவால், ஃபிரீசியன் என்ற இரண்டு மாட்டினங்களைக் கலந்து மலேசியாவில் உருவாக்கிய மஃப்ரிவால் மாடுகளைப் பற்றி அவரிடம் கேட்டேன். “பால் குறைவு சார், ஆனால் தாங்கும்” என்றார். தாங்குவதற்கு அந்தத் தாளில் ஒரு கட்டம்கூட இல்லை.