காலியாகக் கிடக்கும் மேடை

அனைவருக்கும் வணக்கம். கோடை விடுமுறைக்கு மலேசியா போகலாம் என்று இந்த அரங்கில் சிலராவது நினைத்திருப்பீர்கள். இரட்டைக் கோபுரம், பத்துமலை முருகன் கோயில், அப்படியே போர்னியோ தீவுக்குப் பறந்து ஒராங்குட்டான் என்ற மனிதக் குரங்கையும் பார்த்துவிடலாம் என்ற ஆசை இருப்பவர்களுக்காகத்தான் இந்தப் பேச்சு.

அந்தத் தீவில் இருக்கும் மலேசியாவின் சரவாக் மாநிலத்தில், கூச்சிங் நகரத்துக்குத் தெற்கே, செமங்கோ என்ற ஒராங்குட்டான் மறுவாழ்வு மையம் 1975 முதல் இயங்குகிறது. காலையிலும் பிற்பகலிலும் அங்குள்ள மேடையில் அவற்றுக்கு வாழைப்பழமும் தேங்காயும் வைப்பார்கள். ஆண்டின் கடைசியிலும் தொடக்கத்திலும் காட்டில் பழம் பழுக்கும் பருவம் வரும். அப்போது மணிக்கணக்கில் காத்திருந்தாலும் ஒரு ஒராங்குட்டான்கூட வராமல் போகலாம். பணம் கட்டி வந்தோமே என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆனால் அந்த மேடை காலியாகக் கிடக்கிறது என்றால், மையம் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது என்று பொருள். காட்டில் சாப்பாடு தேடத் தெரிந்துகொண்ட விலங்கு நம்மைத் தேடி ஏன் வர வேண்டும்?

அந்த நிலைக்கு ஒரு குட்டியைக் கொண்டுவருவது லேசான காரியமல்ல. ஒராங்குட்டான் குட்டி ஆறு முதல் எட்டு ஆண்டு வரை தாயோடு இருக்கும். தாயும் ஏழெட்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் ஈனும். தாய் தன் குட்டியை விட்டுக்கொடுக்காது என்பதால், வேட்டைக்காரர்கள் பெரும்பாலும் தாயைக் கொன்றுதான் குட்டியைப் பிடிப்பார்கள். மையத்துக்கு வரும் குட்டி அப்படிப்பட்ட அனாதை.

வந்ததும் தனிமையில் வைத்துக் காசநோய், கல்லீரல் அழற்சி, குடற்புழு எல்லாம் பார்ப்பார்கள். அதன் பிறகுதான் பள்ளிக்கூடம். முதலில் கயிறு, பிறகு சின்ன மரம், பிறகு உயரமான மரம். இதில் கடினமான பாடம் கூடு கட்டுவது. ஒராங்குட்டான் அந்தி சாயும் நேரத்தில் மரத்தின் கவட்டையில் நின்றுகொண்டு, சுற்றியுள்ள கிளைகளை ஒவ்வொன்றாக உள்பக்கம் வளைத்துக் காலால் மிதித்துக்கொள்ளும். பச்சைக் கிளை முழுதாக ஒடியாது. பாதி முறிந்து, நாரோடு பிடித்துக்கொண்டு நிற்கும். எடையைத் தாங்குவது அந்தப் பாதி முறிவுதான். அதன்மேல் மெல்லிய கொப்புகளைச் செருகி, இலையைப் பரப்பினால் மெத்தை தயார். இந்த வேலை பெரும்பாலும் ஒவ்வொரு மாலையும் புதிதாக நடக்கும். தாயைப் பார்த்துப் படிக்க வேண்டியதை அனாதைக் குட்டி மூத்த குட்டிகளிடமும் பராமரிப்பாளரிடமும் படிக்கிறது. இது தெரியாத குட்டியைக் காட்டில் விட்டால் தரையில் படுத்துத் தூங்கும். நோய்க்கும் வேட்டை விலங்குக்கும் எளிதாக இரையாகும்.

அதே தீவின் சபா மாநிலத்தில் சண்டக்கான் நகருக்கு அருகே செபிலோக் மையம் 1964-இல் தொடங்கியது. சுற்றிலும் ஏறத்தாழ 43 சதுர கிலோமீட்டர் பாதுகாக்கப்பட்ட மழைக்காடு. அங்கே மேடையில் தினமும் அதே உணவு வைப்பதைப் பார்த்து, ‘பாவம், வேறு ஏதாவது கொடுக்கக் கூடாதா?’ என்று கேட்பார்கள். வேண்டுமென்றேதான் அப்படிச் செய்கிறார்கள். நாக்கு சலித்தால்தான் அது காட்டுக்குள் அத்தி தேடிப் போகும். பக்கத்திலேயே சூரியக் கரடிகளுக்கான மையமும் இருக்கிறது. உளுத்த கட்டையை நகத்தால் பிளந்து கரையான் எடுப்பதைக் கரடிக் குட்டிகள் அங்கே பழகுகின்றன.

இனி நம் பங்கு. நமக்கு வரும் சளி ஒராங்குட்டானுக்கும் வரும், காசநோயும் வரும். ஒரு தும்மல் பல ஆண்டு உழைப்பைக் கெடுத்துவிடலாம். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2010-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், மனிதக் குரங்கிலிருந்து குறைந்தது 7 மீட்டர் தள்ளி நிற்கச் சொன்னது. கொரோனா வந்தபோது அதை 10 மீட்டராக்கச் சொன்னார்கள். நம் மாநகரப் பேருந்து ஒன்றின் நீளத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சலோ இருமலோ இருந்தால் அன்று போகவே வேண்டாம். குழந்தைக்கு மூக்கு ஒழுகினாலும் இதுதான் விதி.

சென்னையிலிருந்து கோலாலம்பூர் நான்கு மணி நேரம், அங்கிருந்து சண்டக்கானுக்கு மூன்று மணிக்குள். உள்நாட்டு விமானம்தானே என்று பாஸ்போர்ட்டைப் பெட்டியில் போட்டுவிடாதீர்கள். சபாவும் சரவாக்கும் தனியே குடிவரவுச் சோதனை செய்யும். நமக்கு வடகிழக்குப் பருவமழை பெய்யும்போது சண்டக்கானிலும் கொட்டும். செபிலோக்கில் பையைப் பூட்டுப் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கொசு விரட்டி மருந்தையும் உள்ளே கொண்டுபோகக் கூடாது, ஒராங்குட்டான் அதைப் பறித்து வாயில் வைத்தால் விஷம். ஆகவே முழுக்கைச் சட்டை போடுங்கள். அட்டைக்கு, வால்பாறை போனவர்களுக்குத் தெரியும், நீளமான காலுறைதான் சரி. கேமராவை ஏசி அறையிலிருந்து நேரே வெளியே எடுத்தால் லென்ஸ் முழுக்க ஆவி படியும். அரை மணி நேரம் முன்னதாகவே வெளியே எடுத்து, பையோடு வெளிச்சூட்டுக்குப் பழகவிடுங்கள். ஃப்ளாஷ் வேண்டாம். மேடைப் பக்கம் சுற்றும் குரங்கு பல்லைக் காட்டினால் அது சிரிப்பல்ல. கண்ணைப் பார்க்காமல் மெல்லப் பின்வாங்குங்கள்.

மறுவாழ்வு மையம் என்று பலகை மாட்டிய இடமெல்லாம் மையமாகிவிடாது. குட்டியைத் தூக்கி மடியில் வைத்துப் படம் எடுக்க விடுகிறார்களா? ஒரே நாள் தொண்டுக்குக் காசு வாங்கிக்கொண்டு பால் புட்டியைக் கையில் கொடுக்கிறார்களா? அந்தப் பக்கமே போகாதீர்கள். தினம் ஒரு புது முகத்தின் தோளில் ஏறிப் பழகிய குட்டி, நாளை தோட்டத்தில் மனிதனைக் கண்டால் ஓடி ஒளியாது, அவனிடமே போகும். இந்த விலங்கு எங்கிருந்து வந்தது, எந்தக் காட்டில் விடுவீர்கள், விட்ட பிறகு யார் கவனிப்பார்கள் என்று மின்னஞ்சலில் கேளுங்கள். நேர்மையான மையம் பதில் எழுதும்.

போர்னியோ தூரம், நமக்கென்ன என்று தோன்றலாம். அந்தக் காடுகள் எண்ணெய்ப் பனைத் தோட்டங்களாக மாறியதும் இத்தனை குட்டிகள் அனாதையானதற்கு ஒரு பெரிய காரணம். இந்தியாவுக்கு வரும் பாமாயிலில் பெரும்பகுதி இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும்தான் வருகிறது. இன்னொன்று இன்னும் கிட்டத்தில் நடக்கிறது. மீனம்பாக்கத்தில் பாங்காக், கோலாலம்பூர் விமானங்களில் வந்த பெட்டிகளிலிருந்து சுங்கத் துறையினர் கிப்பன் என்ற வாலில்லாக் குரங்கின் குட்டிகளைக்கூட எடுத்திருக்கிறார்கள். காற்றில்லாத துணிப் பொதிக்குள் மயங்கிக் கிடக்கும் அந்தக் குட்டிக்குப் பின்னாலும் பெரும்பாலும் செத்துப்போன ஒரு தாய் இருக்கிறது. அதை வாங்க ஆள் இங்கே இருப்பதால்தான் பெட்டி இங்கே வருகிறது. இப்படி ஒரு குட்டி யார் வீட்டிலாவது கூண்டில் இருப்பதாகத் தெரிந்தால், வீடியோவைப் பகிராமல் வேளச்சேரி சாலையில் கிண்டிப் பூங்காவை ஒட்டியிருக்கும் வனத்துறை அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.