11 மணிக்கும் 2 மணிக்கும் நடுவே

நேயர்களுக்கு வணக்கம். வீட்டில் நாலைந்து அறைகளை ஒதுக்கி, வருகிறவர்களுக்குப் படுக்கையும் காலைச் சாப்பாடும் கொடுக்கும் தொழிலைப் புதிதாகத் தொடங்கியவர்களுக்கானது இந்தப் பேச்சு. பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட் என்று பலகை மாட்டிய புதிதில் திரைச்சீலை என்ன நிறம், சுவரில் என்ன படம் என்றுதான் மனம் ஓடும். ஆனால் ஆளைப் பாடாய்ப் படுத்துவது வெந்நீரும் துணியும் கடிகாரமும்தான்.

முதலில் வெந்நீர். பேனா கையில் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். ஷவரில் நிமிடத்துக்கு 8 லிட்டர் கொட்டுகிறது, ஒருவர் 8 நிமிடம் குளிக்கிறார் என்று வையுங்கள். 64 லிட்டர் ஆயிற்று. குளிக்கும் நீர் 40 டிகிரி, தொட்டியில் இருப்பது 60 டிகிரி, பச்சைத் தண்ணீர் 20 டிகிரி என்றால் சரிபாதி கலக்க வேண்டும். ஆக, ஒரு ஆளுக்குத் தொட்டியிலிருந்து 32 லிட்டர். 4 அறை, 8 பேர் என்றால் 256 லிட்டர். குடும்பத்துக்கென்று எப்போதோ வாங்கிய 100 லிட்டர் ஹீட்டர் மூன்றாவது ஆளோடு கைவிரித்துவிடும். நான்காவது ஆள் தலை நிறைய நுரையோடு நிற்பார். 3 கிலோவாட் ஹீட்டர் அந்த 100 லிட்டரை மறுபடி 20-லிருந்து 60-க்குக் கொண்டுவர ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆகும். எல்லாரும் குளிப்பதோ 7-க்கும் 8.30-க்கும் இடையில்.

கணக்குப் போட்டு, போதுமான தொட்டி வையுங்கள். அது முடியாவிட்டால் நிமிடத்துக்கு 6 லிட்டர் விடும் ஷவர் தலையை மாட்டுங்கள். கால் பங்கு மிச்சம். மின்சாரம் மிச்சமாகட்டும் என்று தொட்டியை 45 டிகிரிக்கு மட்டும் இறக்கிவிடாதீர்கள். 20-லிருந்து 45 டிகிரி வரைதான் லெஜியோனெல்லா என்ற நிமோனியாக் கிருமி செழிக்கும். தொட்டி 60-ல் இருக்கட்டும். தோல் வெந்துவிடாமல் இருக்க, குழாய்ப் பக்கம் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கலப்பு வால்வு போடுங்கள். ஆள் வராத அறையிலும் வாரம் ஒரு முறை எல்லாக் குழாய்களையும் சில நிமிடம் ஓடவிட வேண்டும். பூட்டிக் கிடந்த குளியலறையைத் திறந்ததும் சாக்கடை நாற்றம் அடிக்கிறதா? பிளம்பரைக் கூப்பிடுமுன் தரை வடிகாலில் இரண்டு குவளை தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். கீழே வளைகுழாயில் நிற்கும் தண்ணீர்தான் வாடையைத் தடுக்கிறது. அது வற்றியிருக்கும், அவ்வளவுதான்.

அடுத்தது துணி. ஒரு கட்டிலுக்கு மூன்று செட் வேண்டும்: ஒன்று கட்டிலில், ஒன்று சலவையில், ஒன்று அலமாரியில். இரண்டு போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. இரட்டைக் கட்டிலின் விரிப்பு, போர்வை உறை, தலையணை உறைகள், இரண்டு பெரிய துண்டுகள் எல்லாம் சேர்ந்தால் 4 கிலோ பக்கம் வரும். நான்கு அறை ஒரே நாளில் காலியானால் 16 கிலோ. 8 கிலோ இயந்திரத்தில் திணிக்காமல் துவைத்தால் மூன்று தடவை ஓட்ட வேண்டும். 60 டிகிரியில் ஒரு தடவைக்கே ஏறக்குறைய இரண்டு மணி நேரம் போய்விடும், உலர்த்துவது தனி. மதியத்துக்குள் நடக்கிற காரியமா? எல்லாம் வெள்ளையாகவே இருக்கட்டும். ஒன்று கிழிந்தால் வேறொன்றை எடுத்துப் போடலாம். துண்டுகளுக்குத் துணி மென்மையாக்கி வேண்டாம். அது இழையில் மெழுகுபோலப் படிந்து, துண்டு நீரை உறிஞ்சாமல் வழுக்கும். கண்மையும் உதட்டுச் சாயமும் துடைக்கவென்று கறுப்புக் கைத்துண்டு ஒன்றைக் குளியலறையில் வைத்துவிட்டால் வெள்ளைத் துண்டுகள் தப்பிக்கும்.

இனிக் கடிகாரம். 11 மணிக்குக் காலி செய்கிறார்கள், 2 மணிக்கு அடுத்தவர் வாசலில் நிற்பார். நடுவே 180 நிமிடம். கை பழகியவருக்கே ஓர் அறைக்கு 45 நிமிடம் பிடிக்கும். நான்கு அறைக்குச் சரியாக 180. இடையில் ஒரு போன் வந்தால் தொலைந்தது. அதனால் நான்கும் ஒரே நாளில் மாறும்படி முன்பதிவு எடுக்காதீர்கள். எடுத்தால் இரண்டாவது ஆள் வேண்டும்.

அறைக்குள் வேலை வரிசையும் முக்கியம். நுழைந்ததும் ஜன்னலைத் திற, துணியை உருவி இயந்திரத்தில் போடு, கழிப்பறையில் கிருமிநாசினியைத் தெளி. தெளித்த கையோடு துடைத்தால் அது வேலை செய்யாது; புட்டியில் எழுதியிருக்கும் நேரம் ஊறட்டும். அது ஊறும்போது கட்டில் வேலை. புது விரிப்பு போடுமுன் மெத்தையில் ஒரு முறை மல்லாந்து படுத்துப் பாருங்கள். விளக்கின் அடிப்பக்கத் தூசி, மூலையில் ஒட்டடை என்று நின்றால் தெரியாதவை எல்லாம் தெரியும். பிறகு மேலிருந்து கீழாகத் தூசி, அப்புறம் குளியலறை, கடைசியாகத் தரை, உள் மூலையிலிருந்து கதவு நோக்கி.

கட்டிலருகே நிற்கும்போதே டார்ச் அடித்து மெத்தைத் தையல் ஓரத்தையும் தலைமாட்டுப் பலகையின் பின்பக்கத்தையும் பாருங்கள். பேனா மையால் குத்தியதுபோலக் கரும்புள்ளிகள் இருந்தால் மூட்டைப்பூச்சி. சுத்தமான வீட்டுக்கும் அது பெட்டியோடு வரும், வெட்கப்பட ஒன்றுமில்லை. அறையைப் பூட்டுங்கள், துணியை அங்கேயே பையில் கட்டி எடுத்துப்போய்ச் சூடான உலர்த்தியில் அரை மணி நேரம் ஓட்டுங்கள். கடையில் வாங்கிய மருந்தை நீங்களே அடிப்பது பெரிய தவறு. பூச்சி பக்கத்து அறைக்குப் போகும். பூச்சி ஒழிப்பு வேலை தெரிந்தவர்களை அழையுங்கள். முட்டைகள் மருந்துக்குத் தப்பி, ஒன்றிரண்டு வாரத்தில் பொரிந்து வரக்கூடும் என்பதால் இரண்டாம் முறையும் வரச் சொல்லுங்கள்.

காலைச் சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம்தான். குளிர்ந்தது 5 டிகிரிக்குக் கீழே, சூடானது 60-க்கு மேலே. நடுவில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்ததைத் தயங்காமல் கொட்டிவிடுங்கள். எது ஒவ்வாது என்பதை முன்பதிவின்போதே கேளுங்கள். நிலக்கடலை ஒவ்வாதவருக்கு, கடலை வெண்ணெய் தடவிய கத்தி ரொட்டியில் பட்டாலே ஆபத்து.

முன்பதிவில் பெரிய தலைவலி, ஒரே அறை இரண்டு பேருக்குப் போய்விடுவது. இரண்டு மூன்று முன்பதிவு இணையதளங்களில் அறையைப் போட்டு நாள்காட்டிகளை இணைத்திருப்பீர்கள். இந்த இணைப்பு உடனுக்குடன் நடப்பதில்லை. ஒன்றில் விற்றது மற்றொன்றில் தெரியச் சில மணி நேரம்கூட ஆகலாம். கடைசி ஓர் அறை மிஞ்சும்போது ஒரே தளத்தில் மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றில் நீங்களே கையால் மூடிவிடுங்கள். மீறி நடந்துவிட்டால், அறை கிடைக்காத விருந்தினர் தம் ஊரைவிட்டுக் கிளம்புமுன் போனில் சொல்லி, வேறிடம் நீங்களே பிடித்துக்கொடுத்து, வாடகை வித்தியாசத்தையும் ஏற்றுக்கொள்ளுங்கள். மின்னஞ்சல் அனுப்பிவிட்டுச் சும்மா இருந்தால் நள்ளிரவில் அழைப்பு மணி அடிக்கும்.

மாதத்தில் ஓர் இரவு ஓர் அறையை விற்காமல் வைத்து, பெட்டியோடு நீங்களே போய்த் தங்குங்கள். தலைமாட்டில் போன் சார்ஜ் போட இடமில்லை என்பதும், பக்கத்துக் கழிப்பறையில் ஃப்ளஷ் இழுத்தால் சுவர் வழியே கேட்கிறது என்பதும், விளக்கை அணைத்ததும் டிவியின் சிவப்புப் புள்ளி நேராகக் கண்ணில் குத்துகிறது என்பதும் அன்றைக்குத்தான் தெரியவரும்.

வணக்கம்.