பட்டம் விட்டவனும் பட்டத்துக்கு ஓடினவனும்

வணக்கம் நேயர்களே. காலித் ஹுசைனி எழுதி 2003இல் வெளிவந்த 'த கைட் ரன்னர்' நாவலைப் பற்றி இன்றைக்குப் பேசப்போகிறேன்.

கதை தொடங்குவது ஆப்கானிஸ்தானின் காபூல் நகரத்தில். அமீர் பஷ்தூன் இனத்தவன், பெரிய வீட்டுப் பிள்ளை. அந்த வீட்டு வேலைக்காரர் அலியின் மகன் ஹசன். அங்கே தாழ்வாக நடத்தப்படும் ஹஸாரா இனத்தவன், அதே வளவுக்குள் ஒரு மண் குடிசையில் இருக்கிறான். ஒரே செவிலித்தாயிடம் பால் குடித்து வளர்ந்த பிள்ளைகள். நாங்கள் தை மாதத்தில் பட்டத்துக்கு விண் என்ற, காற்றில் ஒலிக்கும் நாரைக் கட்டி அது கூவுவதைக் கேட்டு ரசிப்போம். அங்கே நூலுக்குக் கண்ணாடித்தூள் பூசி மற்றவனின் பட்டத்தை அறுப்பதுதான் விளையாட்டு. அமீர் அறுப்பான், விழுகிற பட்டத்தை எடுத்துவர ஹசன் ஓடுவான்.

1975 பனிக்காலப் போட்டியன்று ஒழுங்கையில் ஹசனுக்கு நடக்கும் கொடுமையையும், அதைப் பார்த்தும் அமீர் ஒளிந்துகொண்டதையும்தான் வாசித்தவர்கள் எல்லோரும் சொல்வார்கள். என்னை உறுத்தியது அதற்கு முன்னால் வருபவைதான். மாதுளை மரத்தடியில் அமீர் கதை வாசிக்கிறான். ஹசனுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. தெரியாத சொல்லுக்கு அவன் கருத்துக் கேட்டால், அமீர் பிழையாகச் சொல்லிவிட்டு உள்ளுக்குள் சிரிக்கிறான். அமீரின் தகப்பனும் அலியும்கூட ஒன்றாக வளர்ந்தவர்கள்தான். ஆனால் தகப்பன் சொல்லும் பழங்கதைகளில் அலியை ஒருநாளும் நண்பன் என்று சொன்னதில்லை. ஒழுங்கையில் நடந்தது இந்த வீட்டிலேயே தொடங்கிவிட்டது.

இலங்கையின் வடக்கே வன்னியில் இருந்துகொண்டு இதை வாசித்தால், தமிழர்களுக்கு எதிரான 1977 வன்செயலுக்குப் பிறகு மலையகத் தோட்டங்களிலிருந்து கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் வந்து குடியேறிய குடும்பங்கள் நினைவுக்கு வராமல் போகாது. இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் வயல் ஒருவருக்கு, அதில் கூலிக்குக் களை பிடுங்குவது இன்னொருவர். இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே வாய்க்காலில்தான் குளித்தார்கள். சண்டை வந்தால்தான் மலையகத்தாரை இழிவாகச் சொல்லும் 'தோட்டக்காட்டான்' என்ற சொல் வெளியே வரும். அப்புறம் போர்க்கால இடப்பெயர்வில் எல்லோரும் ஒரேமாதிரித் தறப்பாளுக்குக் கீழே கிடந்தோம். திரும்பி வந்தபோது வீட்டுத்திட்டத்துக்குக் காணிப் பத்திரம் கேட்டார்கள். அது இல்லாதவர்கள் யார் என்று உங்களுக்கே தெரியும்.

நாவலில் எனக்கு ஒரு குறை உண்டு. ஏறக்குறைய கதை முழுக்க அமீர்தான் பேசுகிறான். ஹசனின் குரல் நேராக வருவது பிற்பாடு எழுதப் படித்துக்கொண்டு அவன் அனுப்பிய ஒரு கடிதத்தில் மட்டும்தான். அதிலும் துளி கோபம் இல்லை. இவ்வளவு நல்லவனாக ஒரு ஹசன் இருந்தால் அமீர்களுக்கு வாசிக்க வசதிதான். அழுதுவிட்டுப் புத்தகத்தை மூடலாம். களை பிடுங்கிய தாயின் பிள்ளை, தன்னோடு வாய்க்காலில் குளித்தவனைப் பற்றி ஒரு நாவல் எழுதினால் அது இவ்வளவு பணிவாக இருக்காது. அந்த நாவலுக்காகத்தான் காத்திருக்கிறேன்.